மாடிக்காரனுக்குத் தெரிந்த குரல்

அத்தியாயம் 14

போன வாரம் தொப்பியையும் முகமூடியையும் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்த ஆளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆளின் காதைச் சோதித்த பெரியவள் மறப்பாளா? ஆறு நாளாக அவளுக்குச் சாப்பாடு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பிரபலங்கள் புதிதில்லை. செய்தி வாசிப்பவர் வந்திருக்கிறார், மேடைப் பேச்சாளர் வந்திருக்கிறார், ஒரு தடவை ஒரு மந்திரிகூட வந்து போனார். எல்லோரும் பொய்ப் பெயரில்தான் வருவார்கள். கண் மங்கினால் கண்ணாடி மாட்டிக்கொண்டு கம்பீரமாகப் போட்டோவுக்கு நிற்பவர்கள், காது மந்தமானால் மட்டும் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டதுபோல் பின்வாசல் வழியாக வருவார்கள்.

இந்த ஆளைப் பத்திரிகைகள் 'தேன்குரல்' என்று எழுதுகின்றன. பெரியவளின் வீட்டில் இவருக்கு ஒரே பெயர்தான். மாடிக்காரன். நாமும் இனி 'அவர்', 'இவர்' எல்லாம் போட வேண்டாம். அந்த மரியாதையை அவன் சம்பாதிக்கவில்லை.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் எட்டு மாதம் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான். அம்மாவை அண்ணி என்றான், அப்பாவை அண்ணன் என்றான், ஐந்து வயதுப் பெரியவளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். அப்போது அம்மாவின் வயிற்றில் சின்னவன். மூன்று மாதம் படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவா படுத்திருப்பாள்? தபால் நிலையத்தில் நாளெல்லாம் முத்திரை குத்திவிட்டு வந்த அப்பா, ஒரு வழி கண்டுபிடித்தார். கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்காக ஒரு பாட்டுக் கட்டினார். நாளுக்கு ஒரு வரி. அடுத்த வரி வேண்டுமென்றால் அம்மா நாளைக்கும் படுத்தே இருக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

சின்னவன் நல்லபடியாகப் பிறந்தான். மாடிக்காரன் காலி செய்துகொண்டு போனான். அடுத்த வருடம் அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தது. எழுதி, இசையமைத்து, பாடியவர் என்று மூன்று இடத்திலும் அவன் பெயர்.

அப்பா கேட்கத்தான் போனார். சண்டைக்கு இல்லை, ஒரு வார்த்தை கேட்க. ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். கார் வந்தது. உள்ளே இருந்தவன் அவரைப் பார்த்தான், கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். மறுவாரம் ஒரு பேட்டியில், 'பிரபலமாகிவிட்டால் இப்படிச் சில பைத்தியங்கள் வரத்தான் செய்யும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்கப்புறம் அப்பா கீபோர்டைத் தொடவில்லை. வாயால்கூட ஒன்றும் முணுமுணுக்கவில்லை. பதினொரு வருடங்களுக்கு முன்னால் அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதில் இன்னொரு கொடுமை. அந்தப் பாட்டில் பல்லவி ஏறும் இடத்தில் ஒரு ஸ்வரம் வராமல் தாண்டிப் போகும். ஊரே அந்தத் தாண்டலுக்கு மயங்கிக் கிடக்கிறது. 'பிரிந்து போன காதலியின் இடத்தைக் காலியாகவே விட்டேன்' என்று அவனும் பேட்டிக்குப் பேட்டி சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். காதலியாவது, ஒன்றாவது. அந்த நாட்களில் பெரியவள் கீபோர்டில் பாலைக் கொட்டிவிட்டாள். ஒரு கட்டை ஒட்டிக்கொண்டு ஊமையாகிவிட்டது. அந்த இடம் வரும்போது அப்பா மெல்ல வாயால் பாடிக்கொள்வார். வரிகளை அப்பாவின் நோட்டில் பார்த்துக்கொண்டான்; மெட்டில் மாடிக்குக் கேட்டது கீபோர்டு மட்டும்தான். திருடியவன் ஓட்டையோடு சேர்த்துத் திருடினான்.

நாளைக்கு அந்தப் பாட்டுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழா. பெரிய அரங்கம், பத்தாயிரம் பேர், நேரடி ஒளிபரப்பு. அதற்கு முன்னால் அவன் காதுக்கு இரண்டு மெஷின் பொருத்தியாக வேண்டும். பொருத்தப் போவது பெரியவள்.

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்த மெஷினில் ஒரு வசதி உண்டு. கேட்காத உச்ச சத்தங்களைக் கீழே இழுத்துக்கொண்டு வந்து, கேட்கிற இடத்தில் வைத்துக் கொடுக்கும். பேச்சுக்கு அது வரம். பாட்டுக்கு ஆகவே ஆகாது. சுருதி இடம் மாறிவிடும். அதனால் 'பாட்டு' என்ற பகுதியில் அதை மறக்காமல் அணைத்துவிட வேண்டும் என்பது முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

பெரியவள் மறக்கவில்லை. ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். அதை எடுக்காமல் அப்படியே விட்டாள். ஆறு நாளில் முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.

அப்போதுதான் சின்னவன் போன் செய்தான். பார்சல் வண்டி ஓட்டுகிறவன், சிக்னலில் நின்றபடி பேசினான்.

"அக்கா, அவனோட காது ரிப்போர்ட்ட ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாப்பே?"

"நாளைக்கு விழா ஆரம்பிக்கறதுக்குள்ள ஊரெல்லாம் சுத்த விட்டுடறேன். தேன்குரலுக்குக் காது அவுட்டுன்னு."

"போடா லூசு. எங்கேருந்து போச்சுன்னு தேடி மொதல்ல என்னைத்தான் பிடிப்பாங்க. அப்புறம் ஊரே அவனுக்காக அழும். காது கேக்காமலே இத்தன நாள் பாடினாரே மகராசன்னு பூ தூவுவாங்க."

"அப்ப சும்மா விட்டுடப் போறியா?"

"யார் சொன்னா?" என்றாள் பெரியவள். அவளால் அடக்க முடியவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு டிக் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். தம்பி விசில் அடித்தான்.

அவனிடம் சொன்னது தப்பு. சின்னவன் வாயில் எதுவும் தங்காது என்பது மூன்று தெருவுக்குத் தெரியும். பன்னிரண்டு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மா சொன்னது ஒரே வார்த்தை.

"கடைக்கு வா."

அம்மாவின் கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஒரு முக்காலி, மாட்டி வைத்த பேண்ட்டுகள். உடைகளை உடம்புக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கிற வேலை. பக்கத்தில் செல்போன் கடை. இந்த வாரம் முழுக்க அங்கே அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஆரம்பித்த உடனே அம்மா மெஷினை மிதிப்பாள். பாட்டு முடிகிறவரைக்கும், துணியே இல்லாமல், மெஷின் தடதடவென்று ஓடும். பெரியவள் போனபோதும் ஓடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் அம்மா காலை எடுத்தாள்.

"உக்காரு. காதுல ஏதோ மாத்தி வெச்சிருக்கியாமே."

"அந்த ஓட்டவாய் வரட்டும், இருக்கு அவனுக்கு."

"அவன விடு. என்ன ஆகும், அதச் சொல்லு."

"வாத்தியம் எல்லாருக்கும் சரியாக் கேக்கும். அவனுக்கு மட்டும் தள்ளிக் கேக்கும். கேக்கறதுக்குத் தகுந்தாப்ல தானே பாடுவான்? பத்தாயிரம் பேர் முன்னாடி அபஸ்வரமாக் கத்துவான். ஏன்னு அவனுக்கே புரியாது."

திட்டு விழும் என்று பெரியவள் தயாராக இருந்தாள். அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பாட்டப் பாடுவான்?"

"அதேதான். அதுக்குத்தானே விழாவே."

"அப்ப கெட்டுப்போறது எது? அவனா, அந்தப் பாட்டா?"

பெரியவள் பக்கத்து செல்போன் கடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏற்கெனவே அதுல ஒண்ணு கொறஞ்சு போச்சு," என்றாள் அம்மா. "மிச்சத்தையும் அவன் வாயாலயே சந்தி சிரிக்க வைக்கணுமா? அது எனக்குக் கட்டின பாட்டுடி. படுத்துக் கெடந்து ஒவ்வொரு வரியாச் சம்பாரிச்சேன்."

"அதுக்காக? மன்னிச்சு விட்டுடச் சொல்றியா?"

"மன்னிப்பா?" அம்மா சிரித்தாள். பார்க்க நன்றாக இல்லை. "நீ பண்ணிருக்கறது சின்னப் புள்ளைங்க வெளையாட்டு. வழுக்கி விழுந்தானான்னு பாத்துக் கை தட்டறது. அவன் என்ன பண்ணுவான்? மைக் சரியில்லன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குவான். எனக்கு அது பத்தாது."

"வேற என்னம்மா வேணும் உனக்கு?"

"அவனுக்குக் காது நல்லாக் கேக்கணும். துல்லியமாக் கேக்கணும். நான் பேசறது ஒரு எழுத்து விடாம உள்ள போகணும்."

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த நிலையத்தில் ஒரு வழக்கம். மெஷின் பொருத்தி முடித்ததும், காதுக்காரர் தன் வீட்டு ஆள் ஒருவரை அழைத்து வர வேண்டும். மனைவியோ, மகனோ, பழகிய குரலாக இருக்க வேண்டும். வந்தவர் காதுக்காரரின் முதுகுக்குப் பின்னால் மூன்றடி தள்ளி உட்கார்ந்து வார்த்தைகளைப் படிப்பார். காதுக்காரர் உதட்டைப் பார்க்காமல் கேட்டு, திருப்பிச் சொல்ல வேண்டும். மாடிக்காரன் பெண்டாட்டியிடம்கூடக் காது விஷயத்தைச் சொல்லவில்லை. 'யாரும் வர மாட்டாங்கம்மா, நீங்களே ஒரு ஆளைப் போட்டுக்குங்க' என்று போன வாரமே கையைக் கழுவிவிட்டான்.

"பழகின குரல் வேணும்னுதானே சொன்னே?" என்றாள் அம்மா. "எட்டு மாசம் பழகின குரல் போதாதா?"

"தெரிஞ்சா என் வேலை போயிடும்மா."

"டிக்கு போட்டப்ப அந்த நெனப்பு எங்க போச்சு?"

பெரியவள் திரும்பிப் போய், கம்ப்யூட்டரைத் திறந்து, அந்த டிக்கை எடுத்தாள். எடுக்கும்போது அழுகை வந்தது. கையில் கிடைத்ததைத் தானே திருப்பிக் கொடுப்பதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும்?

நாலு மணிக்கு மாடிக்காரன் வந்தான். அறைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றினான். அத்தர் வாசனை வந்தது. பெரியவளைப் பார்த்துச் சிரித்தான். தோளில் தூக்கிக்கொண்டு படியேறிய பிள்ளை இவள்தான் என்று அவனுக்குத் தெரியவே இல்லை.

"நாளைக்குப் பாடணும்மா. கேக்குமில்ல?"

"நல்லாக் கேக்கும் சார்," என்றாள். அது உண்மை.

இரண்டு காதிலும் பொருத்தி, இயக்கினாள். மாடிக்காரன் திடுக்கிட்டான். கையைத் தூக்கிச் சட்டை உரசுவதைக் கேட்டான். விரலை நொடித்தான். மேலே பார்த்தான்.

"ஏசி சத்தம் போடும்ங்கறதே மறந்துபோச்சு," என்றான். கண்ணில் தண்ணீர் நின்றது. "உங்களுக்குக் கோடிப் புண்ணியம்மா."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குப் பாவமாக இருந்தது. வேலை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. பிறகு கார்க் கண்ணாடி ஞாபகம் வந்தது, பாவம் போய்விட்டது.

"சுவரப் பாத்து உக்காருங்க சார். பின்னால ஒருத்தங்க வார்த்தை படிப்பாங்க. கேட்டு அப்படியே திருப்பிச் சொல்லணும். நடுவுல திரும்பக் கூடாது."

அம்மா வந்தாள். கடையில் இருந்து நேராக வந்திருந்தாள், புடவையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தாமல் வந்தாள். மறந்தாளா, வேண்டுமென்றே விட்டாளா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். மூன்றடி தள்ளி உட்கார்ந்து, அட்டையில் இருந்ததைப் படிக்க ஆரம்பித்தாள்.

"மரம்."

"மரம்," என்றான்.

"கதவு."

"கதவு."

"சக்கரம்."

"சக்கரம். பிரமாதமாக் கேக்குது."

அம்மா அட்டையைக் குப்புற வைத்தாள்.

"மாடி."

"மாடி."

"கீபோர்டு."

"கீபோர்டு," என்றான். குரல் கொஞ்சம் மெதுவாக வந்தது.

"அண்ணி."

"அண்…"

மாடிக்காரனின் முதுகு விறைத்தது.

"திரும்பாதே," என்றாள் அம்மா. "திரும்பினா டெஸ்ட் செல்லாதாம். எங்க பொண்ணு சொன்னா."

அவன் கண்ணை மட்டும் திருப்பிப் பெரியவளைப் பார்த்தான். இப்போது அடையாளம் தெரிந்தது. பெரியவள் அசையாமல் நின்றாள்.

"அண்ணி, நான்…"

"நீ இருபத்தஞ்சு வருஷம் பேசிட்டே. இப்ப கேளு. உங்க அண்ணன் கடைசியா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோ வெச்சிருந்தார். அந்தப் பாட்டு வந்துச்சு. நிறுத்தச் சொல்லலாம்னு எந்திரிச்சேன். உங்க அண்ணன் என் கையப் புடிச்சு உக்கார வெச்சுட்டார். முழுசாக் கேட்டார். முடிஞ்சதும் என்ன சொன்னார் தெரியுமா?"

ஏசியின் சத்தம் பெரியவளுக்கே கேட்டது.

"நல்லாப் பாடறான்லன்னார்."

இது பெரியவளுக்கும் தெரியாது.

"பதினோரு வருஷமா இத என் புள்ளைங்ககிட்டகூட நான் சொல்லல," என்றாள் அம்மா. "சொன்னா அதுங்க கோபம் கொறஞ்சுடுமேன்னு மறைச்சேன். இன்னைக்கு ஒனக்குச் சொல்றேன். இனிமே நீ அந்தப் பாட்டுக்கு எப்ப வாயத் தெறந்தாலும் ஒனக்கு இது கேக்கணும். வாத்தியம் கேக்குதோ இல்லியோ, இது கேக்கணும்."

"அண்ணி, போதும்."

"நாளைக்கு மேடையில, பாடறதுக்கு முன்னாடி, அவர் பேரச் சொல்லு. அவர் கட்டின பாட்டுன்னு சொல்லு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"இத்தன வருஷத்துக்கு அப்புறம் எப்படிச் சொல்றது? எல்லாம் போயிடும் அண்ணி. பேரு, மரியாதை, எல்லாம்."

"எங்களுக்குப் போகலயா? பைத்தியம்னு பேப்பர்ல போட்டத அவர் படிச்சார்டா. எனக்கும் படிச்சுக் காட்டினார். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து…"

மாடிக்காரன் இரண்டு கையையும் தூக்கினான். காதில் இருந்த மெஷின்களைப் பிடுங்கி மேஜையில் போட்டான். எழுந்து, திரும்பினான்.

அம்மா நிறுத்தவில்லை. அவனைப் பார்த்தபடி, அதே வேகத்தில் பேசிக்கொண்டே போனாள். அவனுக்கு இப்போது அவள் உதடு மட்டும்தான் தெரிந்தது.

"கேக்கல!" என்று கத்தினான். "எனக்குக் கேக்கல! ஒண்ணுமே கேக்கல!"

காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அந்தக் குரலோ, கல்யாண வீடு, பஸ், செல்போன் கடை என்று எங்கே போனாலும் கேட்கிற குரல். கண்ணாடி அறையாக இருந்தால் சத்தம் உள்ளேயே அடங்கியிருக்கும். இது சாதாரண அறை. கதவு வேறு திறந்து கிடந்தது. வரவேற்பில் எண் கூப்பிடுவது பாதியில் நின்றது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"இது தேன்குரல் இல்ல?" என்றது ஒரு பெண் குரல்.

அது அவனுக்குக் கேட்கவில்லை. வாசலில் கூடிய முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். இரண்டு கைகளில் செல்போன் உயர்ந்திருந்தது. மாடிக்காரன் தொப்பியை முகத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, நாற்காலியில் இடித்துக்கொண்டு, பின்வாசலுக்கு ஓடினான். வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தப்படுகிற சத்தம் கேட்டது.

பெரியவள் கதவைச் சாத்தினாள். சின்னவன் கேட்ட போட்டோவுக்கு இனி அவசியம் இல்லை. இன்னும் அரை மணியில் ஊருக்கே தெரிந்துவிடும். நிலையத்து டாக்டர் எந்த நிமிடமும் கூப்பிடுவார்.

"என் வேலை போச்சும்மா."

"போனாப் போகட்டும். இது என்ன இப்படிக் கத்துது?"

மேஜையில் கிடந்த இரண்டு மெஷினும் கீச்சென்று கூவிக்கொண்டிருந்தன. பெரியவள் எடுத்து அணைத்தாள். அம்மா கையை நீட்டினாள். என்ன செய்யப் போகிறாள் என்று யோசிக்காமலே பெரியவள் அவற்றைக் கொடுத்துவிட்டாள்.

"இது இல்லாம நாளைக்கு அவன் மேடையேற முடியுமா?"

"ஏறலாம். எந்தச் சுருதியில வாசிக்கறாங்கன்னே பிடிபடாது."

"வேற ஒண்ணு வாங்கிக்குவானா?"

"முடியாது. காது அச்சு எடுத்துச் செய்யவே அஞ்சு நாள் ஆகும்."

அம்மா டப்பாவைத் தேடி எடுத்தாள். இரண்டையும் அதனதன் பள்ளத்தில் பத்திரமாக வைத்து மூடினாள். டப்பாவைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அம்மா! அது அவனோடது. கேட்டு ஆள் அனுப்பினா நான் என்ன சொல்றது?"

"ஆள் வந்தாத் தர மாட்டேன்னு சொல்லு. அவனே வரணும்."

"இத்தன பேர் பாத்துட்டாங்க. இனிமே இந்தப் பக்கம் தல வெச்சுப் படுப்பானா?"

அம்மா எழுந்து, புடவையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள்.

"இங்க எதுக்கு வரணும்? நம்ம வீட்டுக்கு வரட்டும்," என்றாள். "வழி அவனுக்குத் தெரியும்."